நாக்கு ஒட்டியிருந்தால் வெட்டியே ஆக வேண்டுமா? நான்கு வயதுப் பையனின் அம்மாவுக்கு ஒரு பதில்

ஒரு அம்மா கேட்டிருந்தது இது: "என் மகனுக்கு 4 வயது. நிறையப் பேசுவான், ஆனால் வெளியாட்களுக்குப் பாதிதான் புரிகிறது. 'காக்கா' என்பதை 'தாத்தா' என்கிறான். 'கதவு' என்பது 'ததவு'. 'மரம்' 'மயம்' ஆகிறது, 'பழம்' 'பயம்' ஆகிறது. 'பால்', 'பட்டம்', 'நிலா' எல்லாம் சரியாக வருகிறது. டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, நாக்கு ஒட்டியிருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்தால் பேச்சு தெளிவாகிவிடும் என்றார். வீட்டுப் பெரியவர்கள், வளர வளரச் சரியாகும், விடு என்கிறார்கள். இப்போதெல்லாம் அவன் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை என்றால் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். என்ன செய்யட்டும்?"

ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பேச்சு வராத குழந்தைகளோடும் பேச்சு தெளியாத குழந்தைகளோடும் பல வருடங்களாக உட்கார்ந்து வேலை செய்பவள் நான். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நீங்கள் கவனித்து எழுதிய அந்த ஏழெட்டுச் சொற்களைத்தான் சொல்கிறேன்.

'காக்கா' என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தின் பின்பக்கத்தில் முட்டுகிறது. நுனி கீழே சும்மா கிடக்கிறது. இப்போது 'தாத்தா' சொல்லுங்கள். நுனி மேலே போய் மேல்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. நாக்கு ஒட்டியிருக்கிறது என்றால் நுனி மேலே எழும்ப முடியாமல் கீழே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மகன் செய்வது என்ன? நுனிக்கு வேலையே இல்லாத 'க'வை விட்டுவிட்டு, நுனி எழும்பினால்தான் வரும் 'த'வைச் சொல்கிறான். நாக்கு கட்டுப்பட்ட குழந்தை சிரமத்தைத் தேடிப் போகாது. 'பால்' என்பதில் இருக்கும் 'ல்' வர, நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டைத் தொட வேண்டும். 'பட்டம்' சொல்ல நுனி இன்னும் பின்னால் போய் வளைய வேண்டும். இரண்டும் வருகிறது என்கிறீர்கள்.

டாக்டர் பார்த்ததில் தவறு இல்லாமல் இருக்கலாம். நாக்கடி மடிப்பு அவனுக்குக் கொஞ்சம் குட்டையாகவே இருக்கலாம். ஆனால் 'காக்கா' 'தாத்தா' ஆவதற்கு அது காரணம் இல்லை. அதை வெட்டினால் 'க' வந்துவிடாது.

அந்த மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாக்கைத் தூக்கினால் அடியில், நடுவில் தெரியும் மெல்லிய சவ்வு அது. பலர் அதை நரம்பு என்பார்கள், அது நரம்பு இல்லை. அது ஒரு தனிக் கயிறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல் வெளிவந்த உடற்கூற்று ஆய்வு, வாயின் அடித்தளம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு திசுப் படலம், நாக்கைத் தூக்கும்போது மடிந்து எழும்புவதுதான் அது என்று காட்டியது. எல்லாருக்கும் அது உண்டு. சிலருக்குத் தடிமன், சிலருக்கு மெல்லிசு, சிலருக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். அதனால் பார்த்த மாத்திரத்தில் "இது ஒட்டு" என்று முடிவு கட்ட முடியாது. பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 4 முதல் 11 பேருக்கு இது இருப்பதாக ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுவதே அதனால்தான். பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கு அதிகம், குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். இவர்களில் மிகப் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தெளிவாகப் பேசி வளர்கிறவர்கள். நாக்கு பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட, அதனால் என்ன செய்ய முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் உட்காருங்கள். சோதனை என்று சொல்லாதீர்கள், முகம் காட்டும் விளையாட்டு என்று சொல்லுங்கள். நீங்கள் செய்ய, அவன் பார்த்துச் செய்யட்டும். நாக்கை வெளியே நீட்டும்போது நுனியின் நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவம் வருகிறதா பாருங்கள். அப்புறம் வாயை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு நுனியால் மேல்பல்லின் பின்புறத்தைத் தொடச் சொல்லுங்கள். தாடையை மூடாமல் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். பல குழந்தைகள் வாயைக் கொஞ்சம் மூடி நாக்குக்கு உதவி செய்துவிடுவார்கள். கடைசியாக வாயின் இரண்டு ஓரங்களையும் நாக்கால் துழாவச் சொல்லுங்கள்.

நீட்டுவதை விட உயர்த்துவதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் பேசும்போது நாக்கை யாரும் வெளியே நீட்டுவதில்லை. நாங்கள் அளந்து பார்க்கும் முறையும் கிட்டத்தட்ட இதுதான். வாயை முழுதாகத் திறந்தால் எவ்வளவு இடைவெளி, நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்தபடியே திறந்தால் எவ்வளவு என்று பார்ப்போம். இரண்டாவது அளவு முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தால் கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒன்று மட்டும், 4 வயதுக் குழந்தை கேட்டவுடன் செய்யவில்லை என்றால் அது பிடிவாதமாகவோ கூச்சமாகவோ இருக்கலாம். இரண்டு மூன்று நாள் விளையாட்டாகவே பாருங்கள்.

இனி ஒலிகளுக்கு வருவோம். நாக்கு கட்டுப்பட்டால் பாதிக்கக்கூடியவை நுனி எழும்பும் ஒலிகள்: ல, ர, ற, ள, ழ, ட, ண, த, ந, ன, கொஞ்சம் ச. நாக்கை மேலே வளைக்கும் ஒலிகள் தமிழில் கூடுதல் என்பதால் இறுக்கமான கட்டு இருக்கும் பிள்ளைக்கு ள, ழ, ட, ண ஆகியவற்றில் சிரமம் தெரியத்தான் செய்யும். ப, ம, வ எல்லாம் உதட்டு ஒலிகள். க, ங இரண்டும் பின்நாக்கு ஒலிகள். இவை வராவிட்டால் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். குழந்தை பேசவே இல்லை, இரண்டு வயதாகியும் சொற்கள் சேரவில்லை என்றால் அதற்கு நாக்கு ஒட்டு காரணமே இல்லை. நாக்கு எவ்வளவு கட்டுப்பட்டிருந்தாலும் பேச நினைக்கும் குழந்தை பேசும், தெளிவுதான் குறையும்.

உங்கள் மகனுக்கு இரண்டு விதமான பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் டாக்டர் ஒரு பக்கமும் பெரியவர்கள் ஒரு பக்கமும் இழுக்கிறார்கள்.

'மயம்', 'பயம்' என்பதில் பெரியவர்கள் சொல்வது சரி. ர, ற, ழ ஆகியவை குழந்தையின் வாயில் கடைசியாக வந்து சேரும் ஒலிகள். 4 வயதில் இவை வராத பிள்ளைகள் ஏராளம், 5, 6 வயதுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். வீட்டில் பெரியவர்களே 'பளம்' என்றோ 'பயம்' என்றோ பேசினால் குழந்தையும் அப்படித்தான் பேசும். அது குறையும் இல்லை, நோயும் இல்லை.

'க' என்ற இடத்தில் 'த' சொல்வது அப்படி இல்லை. பின்னால் எழ வேண்டிய ஒலியை முன்னால் கொண்டுவருவது சின்னக் குழந்தைகளின் மழலையில் சகஜம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை வயதுக்குள் அது தானாக மறைந்துவிடும். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். 'க' அடிக்கடி வரும் எழுத்து. அது போனால் 'கை', 'கண்', 'காது', 'அக்கா' எல்லாமே போய்விடும். வெளியாட்களுக்குப் பாதிதான் புரிகிறது என்பதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பொதுவாக 3 வயதுக் குழந்தை பேசுவதில் முக்கால் பங்காவது அறிமுகமில்லாதவருக்குப் புரிய வேண்டும், 4 வயதில் சில ஒலிகள் பிசகினாலும் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே 'வளர வளரச் சரியாகும்' என்று இதை விட்டுவிட வேண்டாம்.

முதலில் காதைப் பாருங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானே, காதுக்கு என்ன என்று கேட்பீர்கள். எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காதில் பஞ்சு வைத்தாற்போல் சத்தம் மங்கலாகக் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்டுவிடும், 'க'வுக்கும் 'த'வுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் கேட்காமல் போகலாம். கேட்காத ஒலியை எவ்வளவு பயிற்சி கொடுத்தும் வரவைப்பது கடினம். 4 வயதுப் பையனுக்கு ஆடியோமெட்ரி பரிசோதனை விளையாட்டு மாதிரித்தான்: சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். உட்கார மாட்டான் என்றால் தூங்கும்போது செய்யும் பரிசோதனைகளும் உண்டு.

காது சரி என்று தெரிந்த பிறகு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போங்கள். அவர் வாயை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது. படங்களைக் காட்டிப் பேச வைத்து, எந்த ஒலி சொல்லின் முதலில் வருகிறது, நடுவில் எப்படி மாறுகிறது, சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறானா என்று உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டும். அண்ணத்தையும் பார்ப்பார். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால், அல்லது பேச்சு எப்போதும் மூக்கால் வந்தால், அண்ணத்தில் மேலுக்குத் தெரியாத பிளவு இருக்கக்கூடும். அது வேறு மருத்துவம். ஒரே சொல்லை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லித் திணறுகிற குழந்தைகளும் உண்டு. வாயசைவைத் திட்டமிடுவதிலேயே அவர்களுக்குச் சிக்கல், பயிற்சியும் அதற்கேற்ப அடிக்கடி, நிறைய வேண்டியிருக்கும். உங்கள் மகன் எப்போதும் ஒரே மாதிரி 'தாத்தா' என்றே சொல்கிறான் என்பது நல்ல செய்தி. அவன் மனதில் ஒரு விதி இருக்கிறது. விதியை மாற்றிக் கற்றுக்கொடுக்கலாம்.

'க' வரவைப்பது எப்படி என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். 5 வயதுப் பெண், இதே பிழை. நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொள், எழுப்பாதே என்று சொன்னால் நாக்கு கேட்கவில்லை. பாயில் மல்லாந்து படுக்க வைத்தேன். அப்படிப் படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி வெறும் வாயால் தொண்டையில் சத்தம் பண்ணச் சொன்னேன். என் கழுத்தில் அவள் கையை வைத்து 'அக்' என்றேன். அவள் தன் கழுத்தில் கை வைத்து முயன்றாள், 'அத்' என்று வந்தது. பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு ஒரு 'அக்' வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டாள். கழுத்தில் வைத்த கையை எடுக்காமல், "இங்க சத்தம் வந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த அவள் அக்காவை, அதுவரை 'அத்தா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை, "அக்கா" என்றாள். பெரியவள் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

'அக்' என்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இரட்டித்து வரும் 'க்க'வில் நாக்கு அண்ணத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் விடுபடும். எங்கே தொடுகிறது என்பதைக் குழந்தை உணர அந்த ஒரு கணம் போதும். 'பகல்', 'அகலம்' மாதிரி நடுவில் ஒற்றையாக வரும் 'க' மெலிந்து ஒலிக்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 'அக்கா', 'பக்கம்', 'மூக்கு', 'நாக்கு' என்று தொடங்கி, பிறகு 'கை', 'கண்' என்று சொல்லின் முதலுக்குப் போவேன்.

இன்னொரு வேலையும் கூடவே நடக்கும். 'காய்–தாய்', 'கட்டு–தட்டு', 'கலை–தலை' மாதிரி ஓர் எழுத்தில் பொருள் மாறும் ஜோடிச் சொற்கள். 'காய்' படமும் 'தாய்' படமும் எதிரெதிரே இருக்கும். முதலில் நான் சொல்வேன், அவன் எடுக்க வேண்டும். காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று இதில் தெரிந்துவிடும். பிறகு அவன் சொல்ல வேண்டும், நான் எடுப்பேன். காய் வேண்டும் என்று நினைத்து 'தாய்' என்பான். நான் தாய்ப் படத்தை நீட்டுவேன். திருத்த மாட்டேன், தப்பு என்று சொல்ல மாட்டேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பான். தான் சொன்னதும் நினைத்ததும் வேறு என்று அங்கேதான் புரியும். அம்மா நூறு தடவை "காக்கா சொல்லு" என்று சொல்லித் தராத ஒன்றை இந்த ஒரு படம் சொல்லித் தந்துவிடும். பின்னாளில் 'மலை–மழை', 'புலி–புளி' என்று ல, ள, ழ வேறுபாட்டுக்கும் இதே வழிதான்.

தனி ஒலி, அசை, சொல், சின்ன வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு என்று படிப்படியாகத்தான் போகும். ஒவ்வொரு படிக்கும் வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியில் 'கதவு' என்று அழகாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து "அம்மா, ததவத் திய" என்பான். மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் பேசும்போது புதுப் பழக்கம் கடைசியாகத்தான் ஒட்டும். வீட்டில் ஒரு நாளைக்கு 5 அல்லது 10 நிமிடம், இரண்டு வேளை போதும். அவனுக்கு ஓரளவு வந்துவிட்ட சொற்களை மட்டும் பழக்குங்கள். மீதி நேரத்தில் அவனைத் திருத்தாதீர்கள்.

திருத்தாமல் எப்படி உதவுவது? அவன் "தாத்தா பயத்துது" என்றால், "ஆமாம், காக்கா பறக்குது! பெரிய காக்கா. அந்தக் காக்கா எங்க போகுது?" என்று பேச்சை நீட்டிக்கொண்டு போங்கள். அவன் சொல்ல வந்ததற்குப் பதிலும் கிடைத்துவிட்டது, சரியான சொல்லும் மூன்று தடவை காதில் விழுந்துவிட்டது. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் சந்தோஷம், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த 'ஒண்ணுமில்ல'. ககரம் சில மாதத்தில் வந்துவிடும். ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எழுந்து போகப் பழகிய குழந்தை, ஒலிகள் எல்லாம் சரியான பிறகும் பேசத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இதை இன்றிலிருந்தே மாற்றத் தொடங்குங்கள். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரித் தலையாட்டாதீர்கள், பிள்ளைகள் அதைச் சட்டெனக் கண்டுபிடித்துவிடுவார்கள். "என் காதுல சரியா விழலடா, கையால காட்டு" என்று கேளுங்கள். புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்பாகிட்ட ஏதோ வாங்கித் தரச் சொல்ற, சரியா? அது வீட்டுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவனுக்குச் சுலபம். எழுந்து போய்விட்டால் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் சொல்ல வந்தது உங்களுக்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரியட்டும்.

'காக்கா' 'தாத்தா' ஆகும்போது வீட்டில் யாராவது சிரித்தால், அவன் இல்லாதபோது அவர்களிடம் பேசுங்கள். அன்பில் வரும் சிரிப்புதான், ஆனால் 4 வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விருந்தினர் முன்னால் "அதைச் சொல்லு, இதைச் சொல்லு" என்று பேச வைப்பதும் வேண்டாம். பள்ளி ஆசிரியரிடம் அவன் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'ததவு' என்றால் கதவு என்று அவருக்குத் தெரிந்தால், வகுப்பிலும் அவனுக்கு உடனே பதில் கிடைக்கும். படிக்கத் தொடங்கும் வயதில் இந்த உதவி இன்னும் முக்கியம். சொல்லை எப்படி உச்சரிக்கிறானோ அப்படியே எழுதும் பிள்ளைகள் உண்டு.

ஊதல் ஊதுவது, பலூன் ஊதுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சிகள் என்று பலரும் சொல்வார்கள். இவற்றால் ஒலி தெளிவாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊதும்போது உதடும் கன்னமும்தான் வேலை செய்கின்றன, 'க' சொல்ல அவை வேண்டியதில்லை. பேச்சு பேசித்தான் வரும். நாக்கில் எதைத் தேய்த்தாலும் அந்த மடிப்பு நீளாது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழந்தைக்குப் பேச்சு குழம்பும் என்பதும் தவறு. உங்களுக்கு இயல்பான மொழியில் நிறையப் பேசுங்கள். திரையைக் குறைப்பது மட்டும் உண்மையிலேயே பயன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. திரை அவன் சொல்வதைக் கேட்டுப் பதில் பேசாது என்பதுதான் என் கவலை.

அப்படியென்றால் எப்போதுதான் வெட்ட வேண்டும்? வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்த நிலையில் நுனி மேலே எட்டவே இல்லை, பிழைகள் எல்லாம் நுனி எழும்பும் ஒலிகளில் மட்டும் இருக்கின்றன, சில மாதப் பயிற்சியில் குழந்தை முயன்றும் நாக்கு ஒத்துழைக்கவில்லை என்றால் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. உதட்டை நாக்கால் நக்க முடியவில்லை, பல்லில் ஒட்டிய உணவைத் துழாவி எடுக்க முடியவில்லை, கீழ்ப்பல்லின் பின்ஈறு இழுபட்டுப் பின்வாங்குகிறது என்றாலும் அப்படித்தான். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அமைப்பின் நிபுணர் குழு 2020-ல் வெளியிட்ட கருத்தறிக்கை, நாக்கு ஒட்டு பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்றும், பேச்சுக்காக வெட்டுவதென்றால் முதலில் பேச்சு நிபுணர் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பின்னால் பேச்சு கெட்டுவிடும் என்ற பயத்தில் கைக்குழந்தைக்கு முன்கூட்டியே வெட்டுவதற்கு ஆதாரம் இல்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2024 அறிக்கையின் நிலை.

கைக்குழந்தைக்கு இது சில விநாடி வேலை, கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. 4 வயதுக் குழந்தை அசையாமல் வாயைத் திறந்து வைத்திருக்காது, பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியிருக்கும், சில சமயம் தையலும் போடுவார்கள். நாக்கடியில் உமிழ்நீர்க் குழாயின் வாய்கள் இருக்கின்றன, அதில் காயம் படாமல் செய்யத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். இரத்தக் கசிவு, தொற்று, தழும்பு இறுகி மறுபடி ஒட்டிக்கொள்வது எல்லாம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. லேசரால் செய்தால் மேல் என்று நிரூபணம் கிடையாது. வெட்டிய இடத்தில் சில நாள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு திட்டு தெரியும். அது சீழ் இல்லை, புண் ஆறும் விதம் அது. சுரண்டிவிடாதீர்கள். வெட்டிய பிறகும் பயிற்சி வேண்டும். நாக்குக்கு இடம் கிடைத்துவிட்டது, பழைய பழக்கம் அப்படியே இருக்கிறது.

டாக்டரிடம் திரும்பப் போகும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த ஒலிக்காக வெட்டச் சொல்கிறீர்கள்?" அவர் ஒலியைப் பெயர் சொல்லி, அந்த ஒலி நாக்கு எட்டாததால்தான் வரவில்லை என்று காட்டினால் யோசிக்கலாம். பொதுவாகப் "பேச்சு தெளிவாகும்" என்று மட்டும் சொன்னால் காத்திருங்கள். உதட்டு ஒட்டு, கன்ன ஒட்டு என்று இப்போது புதிதாகச் சொல்லி வெட்டுகிறார்களே, பேச்சுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் காட்டியதில்லை.

இதைப் படிக்கும் கைக்குழந்தையின் அம்மாக்களுக்கும் சிறிது. தாய்ப்பால் கொடுக்கும்போது காம்பில் தாங்க முடியாத வலி, குழந்தை பிடித்துப் பிடித்து நழுவுவது, எடை ஏறாதது என்று இருந்தால் முதலில் பால் கொடுக்கும் முறையைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பிடிப்பை மாற்றியதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். அதற்கும் சரியாகாமல், நாக்கும் கட்டுப்பட்டிருந்தால் வெட்டுவது உதவலாம். 5 ஆய்வுகளில் 302 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ம் ஆண்டுக் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, அம்மாவின் வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது என்றது, பால் குடிப்பதில் எப்போதும் ஒரே மாதிரி முன்னேற்றம் காணவில்லை.

இன்னும் சில விஷயங்களைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, வந்த சொற்கள் மறைந்துபோகின்றன என்றால் நாக்கைப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குடித்தது மூக்கில் வருவதும், விழுங்கச் சிரமப்படுவதும் அப்படித்தான். முதல் எழுத்தில் திக்கித் திக்கி நிற்பது நாக்கு ஒட்டால் வருவதில்லை. 2 முதல் 5 வயதுக்குள் பலருக்குத் தொடங்கி, பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். ஆனால் முகம் இறுகித் திணறினாலோ, பல மாதம் நீடித்தாலோ காட்ட வேண்டும். "மெதுவாப் பேசு" என்று சொல்லாதீர்கள், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் முடிக்கும் வரை காத்திருங்கள்.

உங்கள் மகனுக்கு என் வரிசை இதுதான்: இந்த மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, அதைத் தொடர்ந்து ஸ்பீச் தெரபிஸ்ட், 'க'வில் பயிற்சி. ர, ழ இப்போதைக்கு இருக்கட்டும். ஆபரேஷன் பேச்சை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். முதல் சந்திப்புக்குப் போகுமுன் போனில் ஒரு பதிவு எடுத்துக்கொள்ளுங்கள்: அவன் ஒரு படத்தைப் பார்த்துத் தானாகப் பேசும் இரண்டு நிமிடம், கூடவே கை, கண், காது, அக்கா, மூக்கு, தாத்தா, பால், மரம், பழம் என்று படம் காட்டிக் கேட்ட சொற்கள். புது இடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் நிறைய, அப்போது அந்தப் பதிவுதான் தெரபிஸ்டுக்குக் கைகொடுக்கும். அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து அதே படங்களைக் காட்டி மறுபடி பதிவு செய்து இரண்டையும் அவனுக்கே போட்டுக் காட்டலாம்.